என் தங்கை மகளுக்குத் தந்த பசுமை நட்சத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு நட்சத்திர மாணவியின் தாய்மாமன்,
வீடு மாற்றும் கம்பெனியில் தலைமைப் பொட்டலக்காரர்,
மேல்மாடி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீடு.
(தபால்காரரிடம் 'டப்பா மாமா' என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து சேர்ப்பார்.)

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: 'பசுமை டப்பா' திட்டத்தின்கீழ் என் தங்கை மகளுக்கு வழங்கிய நட்சத்திரத்தை ரத்து செய்வதும், அவளுடைய தோழியை மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடி சேர்ப்பதும் தொடர்பாக.

பார்வை: பள்ளி வாசலில் மாட்டியிருக்கும் தங்கள் புகைப்படம்.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பரிசு வேண்டும் என்று மனு கொடுப்பவர்களைத் தாங்கள் வண்டி வண்டியாகப் பார்த்திருப்பீர்கள். கொடுத்த பரிசைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டு நிற்கிற முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஆகவே ஒரு தேநீர் வரவழைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் என் தகுதி. இல்லாவிட்டால் 'எவனோ எழுதியிருக்கிறான்' என்று மனு அடுக்கின் அடிக்குப் போய்விடும். எட்டாம் வகுப்பு வரைக்கும் நான் தோல்வியைப் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு என்னைப் பார்த்ததில்லை. அதன்பின் வீடு மாற்றும் கம்பெனியில் சேர்ந்து, இன்று பொட்டலம் கட்டுவதில் என் கைக்கு மேல் கை கிடையாது என்று முதலாளியே சொல்வார்; சொல்லாவிட்டாலும் மனதுக்குள் நினைப்பார். ஏழாவது மாடியிலிருந்து ஒரு பியானோவைப் படிக்கட்டு வழியாக நான் இறக்கியபோது, அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை தரைக்கு வந்துதான் கண் விழித்தது. ஒரு நீதிபதி வீட்டு ஆளுயரக் கண்ணாடியை நான் கட்டிக்கொடுத்த அழகைப் பார்த்து, பிரிக்க மனம் வராமல், அவர் ஒரு மாதம் முகம் பார்க்காமலே நீதிமன்றம் போய்வந்தார். இவற்றுக்கெல்லாம் சாட்சி உண்டு. பூனை மட்டும் இப்போது உயிரோடு இல்லை.

2. நான் என் தங்கை வீட்டில் இருக்கிறேன். என்னை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் நான்தான் அவர்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். தங்கை அவசர ஊர்தி மையத்தில் போன் எடுக்கிறவள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யாருக்கு மூச்சு நின்றாலும் அவளுக்கு மணி அடிக்கும். எந்த லிஃப்ட் நின்றாலும் அவருக்கு மணி அடிக்கும். அந்த வீட்டின் காலை வேளையைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்வையிட வேண்டும். ஒரே கண்ணாடிக்கு முன் இரண்டு தலை. ஒருவர் வாயில் பிரஷ், இன்னொருவர் வாயில் ஹேர்பின். ஒற்றை ஷூவைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் மூன்றாவது ஆள். ஒருநாள் அந்த அமளியில் மாப்பிள்ளை குழந்தையின் டப்பாவைத் தன் கருவிப் பையிலும், தன் ஸ்பானர்களைக் குழந்தையின் பையிலும் போட்டுவிட்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து பையைத் திறந்தால், உள்ளே அவித்த முட்டை. மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதை இடுக்கு வழியாகப் பங்கிட்டுக் கொடுத்து அமைதிப்படுத்தினார் என்பது வேறு கதை.

3. இப்படி ஓடுகிற குடும்பத்தின் தலையில்தான் 'பசுமை டப்பா' வந்து இறங்கியது. நோக்கம் நல்லது. நான் அதற்கு எதிரி அல்லன் என்பதை ஐயா அவர்கள் இருமுறை படித்துக்கொள்ளவும். சத்தான சாப்பாடு வேண்டும், தூக்கி எறிகிற உறை கூடாது, குப்பை கூடாது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அறிவிப்பு வந்த மறுநாள், எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டாரும் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மூங்கில் டப்பா வாங்கக் கடைக்கு ஓடினார்கள். பூமியைக் காப்பாற்றக் கிளம்பிய முதல் நாளே தொட்டி வழிந்து தெருவுக்கு வந்தது. குப்பை வண்டிக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, எல்லாரும் ஒரே நாள்ல வீட்டக் காலி பண்றீங்களா?" என்று கேட்டார். வீடு காலி செய்வது என் தொழில் என்பதால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த டப்பாக்களைப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து அடுக்கினேன். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் டப்பா மாமா. நானே வைத்துக்கொண்டது அல்ல.

4. பள்ளி வாசலில் பெற்றோர் குழு மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்க்கிறது. சுத்தம் கருதி, டப்பாவுக்கு ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை. குற்றம் கண்டால் சிவப்பு அட்டை. அட்டை நனையாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. தலைக்கு மேல் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று ஒரு பதாகை. அது எதனால் ஆனது என்று தொட்டுப் பார்த்தேன். சொல்லி யாரையும் புண்படுத்த விரும்பவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் மிச்சம் வைத்த குப்பையைத் தராசில் நிறுக்கிறார்கள். எடை குறைந்தவருக்குப் புகழ், கூடியவருக்குச் சிவப்பு அட்டை. இதனால் வாழைப்பழத்தை வீட்டிலேயே உரித்து அனுப்புகிற வழக்கம் வந்தது. முட்டை ஓடும் அப்படியே. குப்பை நம் வீட்டுத் தொட்டியில் விழுந்தால் பூமிக்கு வலிக்காது போலிருக்கிறது. உரித்த வாழைப்பழம் மதியத்துக்குள் கறுத்துப்போகும். பிள்ளைகள் தொட மாட்டார்கள். தூக்கிப் போட்டால் எடை. ஆகவே அது கால்சட்டைப் பைக்குள் போகும். ஆரஞ்சுத் தோலைக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பையன் ஒருவன், பாதி தூரம் ஓடியும் மீதி தூரம் வழுக்கியும் முதலாவதாக வந்தான்.

5. என் தங்கைக்கு அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை வந்தது. தயிர்க் குவளையின் மூடிக்கு ஒன்று, ரொட்டி சுற்றிய தாளுக்கு ஒன்று. ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்: "அண்ணா, என்னால முடியல. நெஞ்சு வலின்னு போன் பண்றவருக்கு வழி சொல்லிட்டு இருக்கேன், என் காதுக்குள்ள கேரட் வெட்டணும், கேரட் வெட்டணும்னு ஓடுது." நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். "பீரோவையே கட்டினவன்டி நான். ஒரு கேரட்டா எனக்குப் பெரிசு? தள்ளு."

வீடு மாற்றுவதும் மதியச் சாப்பாடு கட்டுவதும் ஒரே வித்தைதான். கனமானது கீழே, மெத்தென்றது மேலே. ஈரமும் உலர்ந்ததும் ஒட்டி உட்காரக் கூடாது. இடைவெளி இருந்தால் ஆடும், ஆடினால் நசுங்கும். ஆகவே வேகவைத்த கொண்டைக்கடலையை அடியில் பரப்பி, அதன்மேல் ரொட்டித் துண்டுகளை நிறுத்தி, மூலைக்கு மூலை கேரட்டும் வெள்ளரிக்காயும் முட்டுக்கொடுத்து, நடுவில் முட்டையை உட்காரவைத்து, சந்து பொந்துகளில் வேர்க்கடலையும் உலர்திராட்சையும் இறைத்துவிட்டால், டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் சத்தம் வராது. கடலையை ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாக வேகவைத்துவிடுவேன். கேரட்டை முதல் நாள் சாயங்காலமே வெட்டி ஈரத்துணியில் சுற்றிவைப்பேன். காலையில் அடுக்குவது மட்டும்தான். மாப்பிள்ளை ஒரு ஷூ மாட்டி முடிப்பதற்குள் டப்பா தயார். மேலே சுற்றுவதற்கு, கண்ணாடிச் சாமான்கள் கட்டி ஓய்ந்துபோன படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த துணி. ரப்பர் இல்லை, நூல் இல்லை, ஒட்டும் நாடா இல்லை. குழுத் தலைவி என் பழைய பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "ஒரு தடவ உபயோகிச்சுத் தூக்கிப் போடறதுதாம்மா கூடாது. இது ஏற்கெனவே தூக்கிப் போட்டது" என்றேன். விதியில் அதற்குப் பதில் இல்லை. அரசு என் முறையை நாடு முழுவதும் கொண்டுவர விரும்பினால், எனக்கு ஆட்சேபணை இல்லை.

6. இனிதான் விஷயம். தாங்கள் பள்ளியைப் பார்வையிட வருகிறீர்கள் என்ற செய்தி முதல் நாளே வந்துவிட்டது. அதிகாரி கையில் எடுக்கிற மூட்டை பாதியில் அவிழ்ந்தால் யாருக்கு அவமானம்? ஆகவே அன்று மட்டும் கனரக லாரிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். எங்கள் தொழிலில் அதற்கு 'மாமியார் முடிச்சு' என்று பெயர். இழுக்க இழுக்க இறுகும். எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டும் அவிழும். ஐயா அதைக் கையில் வாங்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, "அருமை, அருமை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் படமும் எடுக்கப்பட்டது. தாங்கள் இழுத்த இழுப்பில் அது இன்னும் இறுகிவிட்டது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழில்முறைத் தகவலாகப் பதிவு செய்கிறேன். தாங்களே பாராட்டியபின் அதைத் திறந்து சோதிக்கிற துணிவு வாசல் குழுவில் எவருக்கும் வரவில்லை.

7. மதியம் மூட்டை திறக்கவில்லை. என் தங்கை மகள், வீட்டில் 'பட்டாணி' என்போம், இழுத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் கூடி இழுத்தார்கள். வகுப்பு ஆசிரியை பேனாவை நுழைத்து நெம்பினார், பேனா உடைந்தது. கூடம் பெருக்குகிற அம்மாள் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "இதக் கட்டினது மனுஷனா, இல்ல பூட்டா?" என்று கேட்டாராம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். யாரோ கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். "அதிகாரி தொட்டத வெட்டறதா?" என்று தடுத்துவிட்டார்கள்.

பசித்திருந்த பட்டாணிக்கு அன்று சோறு போட்டது அவளுடைய தோழி. சோறு என்பது பேச்சுக்கு, போட்டது பிஸ்கட். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதால் அந்தப் பிள்ளைக்கு 'முயல்' என்று பெயர். முயலின் தாயார், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர். வீட்டில் வேறு ஆள் இல்லை. பொழுது விடியும் முன் போக வேண்டியவர், மகளின் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போவார். அதை முயல் பெஞ்சுக்கு அடியில் பிரித்து, "ஒன்னு உனக்கு, ஒன்னு எனக்கு" என்று பங்கு போட்டு, கடைசியில் ஒற்றையாக மிஞ்சியதை உடைத்து, பெரிய பாதியைப் பட்டாணியிடம் கொடுத்திருக்கிறாள்.

பிறகு தராசு வந்தது. முயலிடம் ஒரு பிளாஸ்டிக் உறை: சிவப்பு அட்டை. பட்டாணியிடம் தோல் இல்லை, ஓடு இல்லை, துகள் இல்லை, துணிகூடக் கசங்கவில்லை. எடை சுழியம். பள்ளியின் முதல் சுழியம் என்று கைதட்டி, பசுமை நட்சத்திரம் குத்தினார்கள்.

ஐயா, தன் டப்பாவிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத பிள்ளைக்குச் சத்தான சாப்பாட்டுக்கான முதல் பரிசும், அந்தப் பிள்ளையைப் பட்டினி கிடக்க விடாத பிள்ளைக்குத் தண்டனையும், ஒரே மேசையில், ஒரே கையால் வழங்கப்பட்டன. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. பூனை விஷயத்தில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். இதில் இல்லை.

8. நட்சத்திரம் வாங்கியவர்களுக்குக் கூடத்தில் தனி மேசை. விரிப்பு உண்டு, மின்விசிறி உண்டு, வாடாத பூ வைத்த ஜாடி உண்டு. எப்படி வாடும், அதுவும் பிளாஸ்டிக். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு 'சிந்தனை மேசை', மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில். முயல் அங்கே போனாள். பட்டாணி இங்கே வந்தாள். அன்றிலிருந்து நான் ஒரு முனையை இழுத்தாலே அவிழ்கிற பூ முடிச்சுத்தான் போடுகிறேன். என் கைக்கு அது கேவலமான வேலை, இருந்தாலும் போடுகிறேன். ஆனால் டப்பா பாதி காலியாகவும் பாதி நிறைந்தும் திரும்பி வந்தது. முட்டையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள்.

ஒருநாள் நான் டப்பா அடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வைக்கிறியா?"

"எதுக்குடி? முட்டை இருக்கு, கடலை இருக்கு, திராட்சை இருக்கு. ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படி அமையாது."

"திங்கறதுக்கு இல்ல மாமா. மாட்டிக்கறதுக்கு."

மாட்டிக்கொண்டால் மாடிப்படிக்கு அடியில் அனுப்புவார்களாம். முயல் அங்கேதானே இருக்கிறாளாம். நான் சம்மதிக்கவில்லை. என் கையால் கட்டிய டப்பாவில் சிவப்பு அட்டையா? "போடி அந்தப் பக்கம், மாமா தொழில் என்னாகறது" என்று விரட்டிவிட்டேன்.

9. பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி. பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு பிஸ்கட் உறையைப் பொறுக்கி, பாவாடையில் துடைத்து, என் அடுக்குக்குள் வெள்ளரிக்காய்க்கும் முட்டைக்கும் நடுவில் அவளே செருகியிருக்கிறாள். செருகிய விதத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், கொஞ்சமும் ஆடவில்லையாம். பிள்ளைக்கு நம் கை.

வாசலில் டப்பா திறக்கப்பட்டது. சிவப்பு அட்டை எடுத்த கை பாதியில் நின்றது. ஏனென்றால் எதிரே சுவரில், அதே பிள்ளையின் மூட்டையைப் பிடித்தபடி தாங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். குழுத் தலைவி சொன்னதாக அங்கிருந்தவர்கள் சொன்னது: "அதிகாரி கையால பாராட்டு வாங்கின பிள்ளை. அது டப்பால இது எப்படி வரும்? யாரோ பொறாமைல வச்சிருக்காங்க." யார் வழக்கமாகப் பிஸ்கட் கொண்டுவருவது? முயல். முடிந்தது வழக்கு. சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம். எங்கள் நீதிபதிகூட இவ்வளவு வேகம் கிடையாது.

பட்டாணி மேசையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறாள்: "நான்தான் வச்சேன்! நானேதான் வச்சேன்!" அதற்குத் தலைவி கண் கலங்கி, "பாத்தீங்களா, தோழியக் காட்டிக் கொடுக்காத மனசு" என்று சொல்லி, அன்று மாலையே 'நற்பண்பு நட்சத்திரம்' என்று இன்னொன்றும் குத்தி அனுப்பிவிட்டார்கள். இப்போது என் தங்கை மகளுக்கு நட்சத்திரம் இரண்டு. சாப்பிடாததற்கு ஒன்று. உண்மையைச் சொன்னதற்கு ஒன்று, அதுவும் யாரும் நம்பாததால்.

10. முயலுக்கு வந்த உத்தரவு வேறு. வருகிற திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கூடத்தில் இடம் இல்லை. சிந்தனை மேசையும் இல்லை. மதியம் தாயார் நேரில் வந்து அழைத்துப் போய்ச் சாப்பிடவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். முடியாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம். சலவை நிலைய மேற்பார்வையாளரிடம் அந்தம்மா கேட்டதற்கு, "மதியம் போறவங்க அப்படியே போயிடலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

முயலின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சலவைக் காரத்தில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்துக் கிடந்தது. "அண்ணே, என் பொண்ணு திருடல. பொறாமையும் படல. பசிக்குதுன்னதுக்கு ஒரு பிஸ்கட்டு குடுத்தா. அதுக்கு நான் வேலைய விடணுமா, அவளப் பள்ளிக்கூடத்த விட்டு எடுக்கணுமா? உங்களுக்குத்தான் நாலும் தெரியும்னு சொல்றாங்க, நீங்களே சொல்லுங்க."

நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன் ஐயா.

பட்டாணி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, நட்சத்திரங்கள் இரண்டையும் அந்தம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அவற்றை எடுத்து, துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டார்.

இனி முயலுக்கும் நானே டப்பா கட்டித் தருகிறேன் என்று சொன்னேன். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். பேசி முடித்தோம்: ஞாயிற்றுக்கிழமை கடலை அவர் வேகவைப்பது, கட்டுவது நான். ஆகவே இனிமேல் அந்தப் பிள்ளையிடம் உறை வராது என்பதற்கு என் கை பொறுப்பு. கட்டித் தந்த டப்பாவைப் பிரிக்க ஓர் இடம் மட்டும் இல்லை.

11. நான் தலைமையாசிரியரை நேரில் பார்த்தேன். அன்று பட்டாணி தன் டப்பாவைத் திறக்கவே இல்லை என்பதை நிரூபிக்க, அவருடைய சொந்தச் சாப்பாட்டுப் பையின் கைப்பிடியிலேயே அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினேன். இழுத்தார். இன்னும் இழுத்தார். அதற்குள் மணி அடித்து, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரியவில்லை. தராசு வைத்திருந்தால் அவருக்கும் ஒரு நட்சத்திரம் நிச்சயம். போவதற்கு முன் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா படம் மாட்டியாச்சு. இப்ப நட்சத்திரத்த எடுத்தா, அதிகாரி தப்பாப் பாராட்டிட்டார்னு ஆயிடும். மேலேர்ந்து ஒரு வார்த்த வந்தா உடனே செஞ்சுடறேன்."

மேலே என்றால் தாங்கள்தான். எங்கள் வீடு மேல்மாடிதான் என்றாலும் அது கணக்கில் வராது.

12. ஆகவே ஐயா அவர்கள் கருணையோடு கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

(அ) என் தங்கை மகளிடமிருந்து நட்சத்திரங்கள் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் அழ மாட்டாள். குடியிருப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்த நான் கொஞ்சம் அழுவேன். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

(ஆ) வாசலில் உள்ள படத்தை இறக்க வேண்டும். அதில் சங்கடம் இருந்தால், மூட்டையை மட்டும் வெட்டிவிட்டுத் தங்கள் முகத்தை மாட்டிக்கொள்ளலாம். மூட்டை இல்லாமலும் தாங்கள் கம்பீரமாகத்தான் இருக்கிறீர்கள்.

(இ) முயலின் தாயார் மதியம் நேரில் வர வேண்டும் என்ற உத்தரவை, திங்கட்கிழமைக்கு முன், எழுத்து மூலமாக நீக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் சலவை நிலையத்தில் நம்ப மாட்டார்கள்.

(ஈ) தராசு இருந்தே ஆக வேண்டுமென்றால், டப்பா வரும்போது எவ்வளவு கனம், போகும்போது எவ்வளவு கனம் என்று பார்க்கட்டும். நடுவில் குறைந்தது எங்கே போயிற்று என்று பிள்ளையையே கேட்கலாம். பேசுகிற வயதுதான்.

இவற்றுக்கெல்லாம் ஏதாவது ஒரு சட்டப்பிரிவு கட்டாயம் இருக்கும். எண் எனக்கு நினைவில்லை. தங்கள் அலுவலகத்தில் நிரப்பிக்கொள்ளவும்.

கடைசியாக ஒன்று. விதி என்று இருந்தால் யாரையாவது தண்டித்துத்தான் ஆக வேண்டும் என்று தங்களுக்கும் மேலே உள்ளவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால், உறையை வைத்தவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்கே சேரட்டும். சிவப்பு அட்டை கொடுத்து மாடிப்படிக்கு அடியில் அனுப்புங்கள். முயலையும் வெளியே தள்ளாமல் அங்கேயே விட்டுவையுங்கள். கண்ணால் பார்த்தே எந்த இடத்தில் எது அடங்கும் என்று சொல்கிற தொழில் என்னுடையது. அந்த மேசையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். துடைப்பத்தைக் கொஞ்சம் நகர்த்தினால், இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

இடம்: மேற்படி மேல்மாடி, சமையலறை.
நாள்: வெள்ளிக்கிழமை. இதற்கும் திங்களுக்கும் நடுவில் இருப்பது அலுவலக விடுமுறை மட்டுமே என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

தங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தாய்மாமன்